பழைய எம்.ஜி. காரில் அழிக்கக் கூடாதவை

தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான் உயர்ந்த விலைக்கு உரியது என்பது பழைய கார் வாங்குவோர், விற்போர் இடையே ஆழமாக வேரூன்றிய கருத்து. இதன்படி ஒரு காரின் ஆயுளில் இரண்டு நாள்களுக்குத்தான் மதிப்பு உண்டு. ஒன்று, இங்கிலாந்தில் அது செய்து முடிக்கப்பட்ட நாள். மற்றொன்று, பளபளவென்று விற்பனைக்கு நிற்கும் இன்றைய நாள். நடுவில் ஓடிய அறுபது எழுபது ஆண்டுகளில் உள்ளூர் மெக்கானிக் மாற்றியது, லேத்தில் கடைந்தது, தேக்கில் இழைத்தது எல்லாம் கெடுதல் என்று கணக்கு வைக்கப்படுகிறது. அவற்றைப் பிடுங்கி எறிவதற்கே ரெஸ்டோரேஷன் என்று பெயர். கோலார் தங்கவயல் போன்ற ஊரின் பெயர் சேர்ந்துவிட்டால் கூடவே ஒரு கதையும் ஒட்டிக்கொள்ளும்: சுரங்கத் துரை ஒருவர் கிளப்புக்கு ஓட்டிப் போன கார், அதனால் அதற்குத் தனி மதிப்பு.

இந்தக் கருத்து தவறானது. காரின் பொறியியலோடு அது ஒத்துப்போகவில்லை. இந்தியாவின் இறக்குமதி வரலாற்றை அது கணக்கில் எடுக்கவில்லை. தங்கவயலில் இயந்திரங்களை நிற்காமல் ஓட வைத்தவர்கள் யார் என்பதை அது மறைக்கிறது. மூன்றாவது குற்றமே பெரியது.

வாதத்துக்கு எம்.ஜி. நிறுவனத்தின் டி.சி. மாடலை எடுத்துக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டு மோரிஸ் கராஜஸில் சீசில் கிம்பர் உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் கார் வரிசை பிறகு ஆபிங்டன் என்ற சிற்றூர்த் தொழிற்சாலைக்கு இடம் மாறியது. போர் முடிந்த 1945இல் வெளிவந்த டி.சி., 1949 வரை ஏறக்குறைய 10,000 செய்யப்பட்டது. 1250 சி.சி. இன்ஜின், சுமார் 54 குதிரைத்திறன், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள், பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்ரோல் டேங்க், பின்பக்கம் கீல் வைத்த கதவுகள். அத்தனை டி.சி.யும் வலப்பக்க ஸ்டீயரிங் உள்ளவை. அமெரிக்காவுக்குப் போனவையும் அப்படியே போயின. இந்தியச் சாலைக்கு அது பிறவியிலேயே பொருந்தியது.

சாலைக்குப் பொருந்தினாலும் காற்றுக்கும் மழைக்கும் அது பொருந்தவில்லை. டி.சி.யின் உடல் முழு எஃகு அன்று. உள்ளே ஆஷ் மரத்தால் ஆன சட்டம். அதன் மேல் மெல்லிய எஃகுத் தகடு போர்த்தி ஆணியும் திருகும் அடித்திருக்கும். கதவு தொங்குவது மரத்தூணில். தரைப்பலகையும் மரம். ஈரம் இறங்கினால் தூணின் அடிப்பகுதி முதலில் உளுத்துப்போகும், பிறகு கீல் திருகு பிடிமானம் இழக்கும், பிறகு கதவு தொங்கிப்போய் ஒவ்வொரு பள்ளத்திலும் ‘படார்’ என்று திறந்துகொள்ளும். இங்கிலாந்திலேயே இந்தக் கார்களின் பெரிய நோய் இதுதான். கறையானும் பருவமழையும் உள்ள நாட்டில் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஷ் தென்னிந்தியாவில் விளையும் மரமில்லை. இங்கே பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி கட்டிய தச்சர்களின் கையில் இருந்தது தேக்கு. ஆகவே உளுத்த தூணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேக்குத் தூண் வைத்தார்கள். அந்தத் தூணைக் கூர்ந்து பார்க்கிறவருக்கு அதன் அறிவு புரியும். பழைய ஆஷ் தூணை அளவுக்கு வைத்துக்கொண்டு, கீல் உட்காரும் பள்ளம் உளியால் எடுக்கப்பட்டிருக்கும். தகடு வளையும் இடத்தில் மட்டும் விளிம்பு இழைப்புளியால் உருட்டப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் வாள் ஓடிய தடம் அப்படியே விடப்பட்டிருக்கும். தேவையான இடத்தில் நுணுக்கம், தேவையில்லாத இடத்தில் நேரம் வீணாக்காமை. தேக்கு ஆஷைவிடக் கறையானையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். ஆபிங்டன் செய்ததைவிட இந்த ஊருக்கு நல்ல வேலை அது. இன்றைய ரெஸ்டோரேஷனில் முதலில் குப்பைக்குப் போவதும் அந்தத் தூண்தான். இங்கிலாந்திலிருந்து ஆஷ் மரச் சட்டம் முழு செட்டாக வரவழைக்கப்பட்டு, விற்பனை விளம்பரத்தில் அது ஒரு பெருமையாக எழுதப்படுகிறது.

மரத்தைவிடக் கடினமான கதை போல்ட்டுடையது. டி.சி.யின் இன்ஜினிலும் கியர் பாக்ஸிலும் உள்ள போல்ட்டுகள் விசித்திரமானவை. மோரிஸ் நிறுவனம் 1923இல் வாங்கிய கவன்ட்ரி இன்ஜின் தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அங்கிருந்த கருவிகள் மில்லிமீட்டர் கணக்கில் மரை போட்டன. பிரிட்டிஷ் மெக்கானிக்கிடம் இருந்த ஸ்பானரோ அங்குலக் கணக்கு. எனவே மரை மில்லிமீட்டரில், தலை விட்வொர்த் அளவில் என்று இரண்டும் கலந்த போல்ட் பிறந்தது. 8 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி 1 மி.மீ. கடையில் வாங்கும் சாதாரண 8 மி.மீ. போல்ட்டில் அது 1.25 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டில் ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்து அழுத்தித் திருகினால் இன்ஜின் பிளாக்கில் மரை நாசமாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டு, மரை அளவியை வைத்துப் பார்த்து, லேத்தில் கம்பியைப் பிடித்து 1 மி.மீ. மரை வெட்டி, தலையை விட்வொர்த் ஸ்பானருக்கு ஏற்ப அரைத்துக் கொடுத்தவர் ஆபிங்டனை வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஒரு டர்னர். எழுபது ஆண்டு ஓடிய பிளாக்கில் மரை கெடாமல் இருந்தால் அதற்குக் காரணம் அவர். அவர் வெட்டிய போல்ட்டைக் கழற்றிவிட்டு இங்கிலாந்தில் புதிதாகச் செய்த நகலைப் பூட்டுவதால் கார் அதிக அசலாகிவிடுவதில்லை. நகலும் புதியதே. ஒன்று தேவையால் பிறந்தது, மற்றது கேட்டலாகைப் பார்த்து வாங்கியது. வித்தியாசம் அவ்வளவே.

இந்த உள்ளூர் வேலைகள் எல்லாம் அலட்சியத்தின் அடையாளம் என்று சொல்பவர்கள் நாட்டின் இறக்குமதிக் கொள்கையை மறந்துவிடுகிறார்கள். சுதந்திரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வெளிநாட்டுக் காரை முழுதாக இறக்கும் வழி ஏறத்தாழ அடைபட்டது. பாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்ற கொள்கை 1953இல் உறுதிப்பட்டதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. உதிரிபாகம் வேண்டுமென்றால் உரிமம் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். தனி மனிதரின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காருக்கு அதெல்லாம் கிடைக்குமா? கார் தொழிலுக்கான உரிமக் கட்டுப்பாடு 1993இல்தான் நீங்கியது. அதுவரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்தியாவில் இருந்த ஒவ்வொரு டி.சி.க்கும் முன்னால் இரண்டே வழிகள் இருந்தன: உள்ளூரில் கிடைப்பதை வைத்து ஓடுவது, அல்லது காயலான் கடைக்குப் போவது. இன்று விற்பனைக்கு நிற்கும் கார் எதுவானாலும் அது முதல் வழியில் வந்தது. அந்த வழியைப் பழிப்பதற்கு அந்தக் காருக்கே உரிமை கிடையாது.

உள்ளூரில் கிடைத்ததும் கண்டதைக் கொண்டுவந்து ஒட்டியதாக இருக்கவில்லை. டி.சி.யின் இன்ஜின் மோரிஸ் டென் காரின் 1140 சி.சி. இன்ஜினிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. அதே மோரிஸ் டென்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கையில் ஹிந்துஸ்தான் டென் ஆயிற்று. அதாவது கல்கத்தா பக்கத்துக் குடும்பக் காரும் ஆபிங்டன் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே இன்ஜின் குடும்பத்துப் பிள்ளைகள். டி.சி.க்குப் பின்னால் 1955இல் வந்த எம்.ஜி.ஏ.வின் கதை இன்னும் நெருக்கமானது. அதன் 1489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின் அம்பாசிடரின் பானெட்டுக்குள் பல பத்தாண்டுகள் ஓடிய அதே இன்ஜின் வகை. கார்புரேட்டர் எண்ணிக்கையும் ட்யூனிங்கும்தான் வேறு. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் அந்த ஹெரால்டின் அடித்தளத்தின் மேல் எழுந்தது. பெங்களூர் ஜே.சி. ரோட்டிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ பழைய பாகங்களைக் குவித்து வைத்திருந்த கடைகளில் எந்தப் பொருள் எந்தக் காருக்குப் பொருந்தும் என்று தேடி எடுத்த மெக்கானிக், பிரிட்டிஷ் கார்த் தொழிலின் குடும்ப மரத்தைக் கைவிரலால் அறிந்திருந்தார். அம்பாசிடர் பாகம் பூட்டிய எம்.ஜி.ஏ.வைக் கலப்படம் என்று ஒதுக்குபவருக்கு அந்த மரம் தெரியாது.

அடுத்து, தொழிற்சாலை நிலை என்ற கற்பனை. ஆபிங்டனிலிருந்து வெளியே வந்த டி.சி. கைவேலை மிகுந்த, மலிவான, வேகமாகக் கட்டப்பட்ட கார். போருக்குப் பின் எஃகுக்கும் நல்ல மரத்துக்கும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறு மாற்றங்கள் நுழைந்தன. அன்று அடித்தது செல்லுலோஸ் பெயின்ட். மெருகு அவ்வளவு ஆழமாக இராது, ஆண்டுகளில் மங்கும். இன்று விற்பனைக்கு வரும் கார்களில் இருப்பது இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் நவீன பெயின்ட், அதற்கு மேல் கண்ணாடி போன்ற பூச்சு. குரோமியம் அன்றைவிடத் தடிமன். கதவு இடைவெளி அன்றைவிட ஒழுங்கு. தோல் இருக்கையில் அன்று இருந்த தையல் கோணல்கூட இல்லை. இப்படிப்பட்ட கார் 1947இல் எந்த நாளிலும் எந்தத் தொழிற்சாலையிலும் இருந்ததே இல்லை. ஆபிங்டனுக்குத் திருப்புகிறோம் என்று சொல்லி ஆபிங்டனில் இல்லாத ஒன்றைச் செய்து, அதற்காக எழுபது ஆண்டு உண்மையான வரலாற்றைச் சுரண்டி எறிவது எந்த வகையில் மீட்பாகும்?

எண்கள் பொருந்துகின்றன என்பது விளம்பரத்தின் அடுத்த பெருமை. சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்திருந்தால் கார் அசல் என்பது பொருள். டி.சி.யின் சேஸிஸ் எண்கள் 0251இல் தொடங்கும். 251 என்பது ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண். சேஸிஸ் எண்ணுக்கு மதிப்பு உண்டு, திருட்டுக் காரைக் கண்டுபிடிக்கவும் அது தேவை. ஆனால் இன்ஜின் எண் எப்படி இருக்கிறது? எட்டுமூலைப் பித்தளைத் தகடு ஒன்றில் எழுதி பிளாக்கின் மேல் ரிவெட் அடித்திருக்கும். ரிவெட்டை எடுத்தால் தகடு வேறு பிளாக்குக்குப் போய்விடும். பத்து நிமிட வேலை. நேர்மையான மெக்கானிக் பிளாக் வெடித்தபோது ஹிந்துஸ்தான் டென் பாகங்களை வைத்துச் சரிசெய்து, ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தையும் பதிய வைத்தால், அந்தக் காருக்கு எண் பொருந்தவில்லை என்று விலை இறங்குகிறது. தகட்டை மட்டும் இடம் மாற்றியவரின் கார் விலை ஏறுகிறது. எண்ணை மட்டும் பார்க்கும் சந்தை நேர்மையைத் தண்டித்துப் பித்தளைக்குப் பரிசு கொடுக்கிறது.

காரின் அடையாளம் உலோகத்தில் இருக்கிறதா, தொடர்ந்த வரலாற்றில் இருக்கிறதா என்ற கேள்வியை இங்கிலாந்து நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. லெ மான் பந்தயத்தை 1929இலும் 1930இலும் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் அதன் சேஸிஸ், இன்ஜின், உடல் என்று பெரும்பகுதி மாறிவிட்டது. ஹப்பார்டு என்ற உரிமையாளர் அதை மிடில்பிரிட்ஜ் என்ற நிறுவனத்துக்கு ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். 1929ஆம் ஆண்டுப் பொருள் அதில் அதிகம் இல்லை, எனவே இது அந்தக் கார் அல்ல என்று வாங்குபவர் பின்வாங்கினார். 1990இல் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். பந்தயத்தில் ஓடிய அதே உலோகம் என்று இதைச் சொல்ல முடியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு கட்டத்திலும் அறுபடாத வரலாறு அதற்கு உண்டு, வேறு எந்தக் காரும் அந்தப் பெயருக்கு உரிமை கோர முடியாது, ஆகவே இதுவே ஓல்டு நம்பர் ஒன் என்றார். ஒப்பந்தம் செல்லும் என்றாயிற்று. பாகம் பாகமாக மாறிய பென்ட்லிக்கு இங்கிலாந்து கொடுத்த மரியாதையை, பாகம் பாகமாக மாறி உயிர் பிழைத்த தென்னிந்திய எம்.ஜி.க்கு இங்குள்ள சந்தை மறுக்கிறது.

இனி தங்கவயல். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880இல் அங்கே சுரங்க நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றாயிற்று. பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம், குளிர்ந்த காற்று எல்லாம் சேர்ந்து அதற்குக் குட்டி இங்கிலாந்து என்ற பெயர் வாங்கித் தந்தன. பழைய கார் வாங்குவோரின் கற்பனை அந்தப் பங்களாக்களோடு நின்றுவிடுகிறது.

பங்களாவைத் தாண்டினால் லைன் வீடுகள். அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களிலும் பெரும்பகுதி தலித் மக்கள். பாறையை உடைத்ததோடு அவர்கள் வேலை முடியவில்லை. ஒரு ஆழ்சுரங்கம் ஓட வேண்டுமானால் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட வேண்டும், பம்பு நிற்கக் கூடாது, காற்றழுத்த இயந்திரம் நிற்கக் கூடாது, தாதை இடிக்கும் ஆலை நிற்கக் கூடாது. பேரிங் தேய்ந்தால் கப்பலில் புதியது வரும்வரை 3 கிலோமீட்டர் கீழே மனிதர்களை நிறுத்தி வைக்க முடியாது. அதனால் சுரங்கத்தோடு சேர்ந்தே பட்டறையும், பட்டறையோடு ஃபிட்டர், டர்னர், கொல்லர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்ற கைகளும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன. தமிழ்த் தொழிலாளர்களோடு ஆங்கிலோ இந்தியர்களும் அந்தப் பட்டறைகளில் இருந்தார்கள். 1960களில் பாரத் எர்த் மூவர்ஸ் ஆலை தங்கவயலில் அமைந்தபோது கனரக இயந்திரத் தொழிலுக்குப் பழகிய ஊரில்தான் அது அமைந்தது.

இந்த ஊரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஓடியது என்றால் அதன் உண்மையான கணக்கு எப்படி இருக்கும்? 1947ஆம் ஆண்டு டி.சி. ஒன்று புதிதாக ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் பங்களாவுக்கு வந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசின் கைக்குப் போயின. பிரிட்டிஷ் நிர்வாகம் 1956இலேயே முடிந்தது. அந்த அதிகாரி கடைசி நாள்வரை இருந்தார் என்று வைத்தாலும் காருக்கு அவர் கொடுத்தது ஒன்பது ஆண்டு. அந்த ஒன்பது ஆண்டிலும் பானெட்டைத் திறந்தவர் அவராக இருக்க வாய்ப்பு குறைவு. அதற்குப் பிறகு எழுபது ஆண்டுக்கு நெருங்கிய காலம் கார் இந்தியக் கைகளில். மைசூர் மாநிலப் பதிவு, 1973க்குப் பின் கர்நாடகப் பதிவு, இன்றைய கே.ஏ. 08 வரிசை என்று ஆர்.சி. புத்தகமே அந்தக் கைகளின் கதையைச் சொல்லும். ஒன்பது ஆண்டை விளம்பரத்தின் தலைப்பில் போட்டு எழுபது ஆண்டைப் பட்டி வைத்து மூடி பெயின்ட் அடிப்பதுதான் இன்றைய வழக்கம். தங்கவயலின் வரலாற்றுக்கும் இதே அநீதி நடந்திருக்கிறது. கிளப்பின் புகைப்படம் எல்லோருக்கும் தெரியும். வைண்டிங் இன்ஜினின் பேரிங்கை மாற்றியவரின் பெயரை எந்தப் பலகையும் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றுக்கு முழு நியாயம் உண்டு: பாதுகாப்பு. பிரேக் குழாய், பிரேக் சிலிண்டர், டயர், எரிபொருள் குழாய், வெடித்துப் போன துணிச் சுற்று வயரிங் ஆகியவற்றை வரலாறு என்று சொல்லி வைத்திருக்கக் கூடாது. டி.சி.யின் பிஷப் ஸ்டீயரிங் பெட்டி தேய்ந்தால் சாலையில் கார் தன் வழிக்குப் போகும். அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். மோசமான உள்ளூர் வேலையும் உண்டு. வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தில் பட்டியை அப்பியது, சேஸிஸ் விரிசலைத் தகடு வைத்து மறைத்தது போன்றவற்றைக் காப்பாற்ற எவரும் சொல்லவில்லை. நல்ல வேலை எது, கெட்ட வேலை எது என்று பார்த்துப் பிரிக்கத்தான் சொல்வது. இன்றைய வழக்கமோ பார்ப்பதற்கே மறுக்கிறது. உள்ளூரில் செய்தது என்றாலே குப்பைத்தொட்டி.

இந்தப் பிரித்தறிதலை உலக அளவிலான அமைப்பே நெறியாக வகுத்துவிட்டது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் காக்கும் நெறியைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. பாதுகாத்தல் முதலில், முழுப் புதுப்பிப்பு கடைசியில். தலையீடு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வாகனத்தின் ஆயுளில் நடந்த மாற்றங்களும் அதன் சாட்சியம். செய்த ஒவ்வொரு வேலையும் ஆவணப்படுத்தப்பட வேண்டும். அமெரிக்காவின் பெபிள் பீச் கார்க் காட்சியில் தொடாமல் காக்கப்பட்ட கார்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. மேற்கைப் பார்த்து நடப்பதாகச் சொல்லும் இந்தியச் சந்தை, மேற்கு கைவிட்டுக்கொண்டிருக்கும் பழக்கத்தையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சட்டத்தைக் காட்டுவோரும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்கென்று புதிய பகுதி சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் பேணப்பட்ட, சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை அதன் கீழ் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய்; பதிவு 10 ஆண்டு செல்லும்; எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும் சாலையில் எடுக்கலாம், அன்றாடப் பயணத்துக்குக் கூடாது. இந்த விதி நல்ல தொடக்கம். ஆனால் மூல வடிவம் என்பதைத் தொழிற்சாலை நாளோடு கட்டிப் படித்தால், நாற்பது ஆண்டு இறக்குமதித் தடையில் பிழைத்த இந்தியக் கார்களை இந்திய விதியே தண்டித்ததாகும். கதவுக்குள் இருக்கும் தேக்குத் தூண் உடலின் வடிவத்தை மாற்றவில்லை. அதே இன்ஜின் குடும்பத்துப் பாகம் இன்ஜினை வேறாக்கவில்லை. விதியின் வாசகத்துக்குள்ளேயே இவற்றுக்கு இடம் இருக்கிறது. பரிசோதிக்கும் குழு அதைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சொல்லப்படுவது விலை. வாங்குபவர் பளபளப்புக்குத்தான் பணம் கொடுக்கிறார், அவர் விரும்புவதைக் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்கிறார்கள். பளபளப்புக்குக் கொடுத்த பணம் ஒரே தலைமுறையில் தீர்ந்துபோகும். பெயின்ட் மங்கினால் மறுபடி அடிக்கலாம். குரோமியம் உரிந்தால் மறுபடி பூசலாம். இரண்டும் எந்த நாளும் கடையில் கிடைக்கும். தூக்கி எறிந்த போல்ட்டும் தூணும் எந்தக் கடையிலும் கிடைக்காது. முழுக்கப் புதுப்பித்த டி.சி.கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வரிசையாக இருக்கின்றன. அவற்றோடு போட்டிக்கு நிற்கும் தங்கவயல் கார் அவற்றைப் போலவே ஆகிவிட்டால் அதைத் தனியாகத் தேடி வருவதற்குக் காரணமே இராது. அந்தக் காரை வேறு எந்த டி.சி.யோடும் குழப்ப முடியாதபடி செய்வது அதன் இந்திய ஆண்டுகள்தான். விற்பவரின் லாபக் கணக்குப்படியே பார்த்தாலும் அவற்றை அழிப்பது நஷ்டம்.

ஆகவே நேர்மையான விற்பனையில் வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டியவை தெளிவானவை. சேஸிஸ் எண் காருக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் ஒத்திருக்கிறதா, எம்.ஜி. கார் கிளப் போன்ற அமைப்புகளிடம் உள்ள தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் தகட்டின் ரிவெட் பழையதா புதியதா என்பதைக் கையில் விளக்கோடு பார்க்க வேண்டும். பிரிப்பதற்கு முன் எடுத்த படங்கள் வேண்டும். அவை இல்லையென்றால் எது போனது என்பதே தெரியாது. கழற்றிய பாகங்கள் ஒரு பெட்டியில் காரோடு வர வேண்டும், ஒவ்வொன்றிலும் எங்கிருந்து கழற்றியது என்ற சீட்டு கட்டி. பழைய பில்கள், பழைய காப்பீட்டுத் தாள்கள், முன்னாள் உரிமையாளர்களின் கடிதங்கள் என்று கிடைத்ததெல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். வேலை செய்த மெக்கானிக், தச்சர், டர்னர் ஆகியோரின் பெயரும் ஊரும், அவர்கள் சம்மதித்தால், அந்தக் கோப்பில் ஏற வேண்டும்.

தங்கவயல் காருக்கு இந்தக் கடைசி வேலை மற்றவற்றைவிட அவசரமானது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. பட்டறைக் கைகள் கலைந்தன. ஊரின் இளையவர்கள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் காலை ரயில் ஏறி பெங்களூரு போய் இரவு திரும்புகிறார்கள். 1970இல் 25 வயதில் லேத்தின் முன் நின்ற ஒருவருக்கு இன்று எண்பது வயது. ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ அவர் இருந்தால், காரைப் பிரிப்பதற்கு முன் அவரைக் கூட்டிவந்து பானெட்டைத் திறந்து காட்ட வேண்டும். இந்த போல்ட் எந்தக் கம்பியில் கடைந்தது, அந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு இன்ஜின் இறக்கினார்கள், அப்போது ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, கையெழுத்து வாங்கி, ஆபிங்டன் தொழிற்சாலைச் சான்றுக்கு அடுத்த தாளாகக் கோப்பில் வைக்க வேண்டும்.